செல்ஃப் எடுக்குது... ஸ்டார்ட் ஆகல!

தீபாவளி லீவு முடிந்து திருப்பூர் திரும்பவும் ஓடத் தொடங்கிய வாரம். காலை ஆறரை மணிக்கு மங்கலம் ரோட்டில் எல்லாச் சத்தமும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. நிட்டிங் கம்பெனி ஜன்னல் வழியே ஒரே சீரான இரைச்சல், டீக்கடையில் கிளாஸ் கழுவும் கிணுகிணுப்பு, பண்டல் பாரத்தோடு மேடேறும் டி.வி.எஸ். எக்ஸ்எல்லின் முனகல். நடுவில் ஒன்று மட்டும் எதோடும் ஒட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 'க்ருக்... க்ருக்... க்ருக்...' என்னுடைய 1996 மாடல் மாருதி 800.

ஆவணியில் ஷெட்டில் நிறுத்தி உறை போட்ட வண்டி. லீவு முடிந்ததும் சாவி போட்டபோது செல்ஃப் எடுத்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று பிளக்கும் இக்னிஷன் காயிலும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறமும் அதே கதை. டீ மாஸ்டர் பேட்டரி என்றார். பண்டல் இறக்க வந்தவர் பெட்ரோல் பம்ப் என்றார். வாட்ச்மேன், "தள்ளிப் பாத்துரலாமுங்க" என்று சட்டையை மடித்துவிட்டார். தள்ளினோம். எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது.

செல்ஃப் என்ற சொல்

'செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல.' தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் நோயாளி வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் இதுதான். இதில் 'செல்ஃப்' என்பது செல்ஃப் ஸ்டார்ட்டர். 1912-ம் ஆண்டு கெடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வரும்வரை, பெட்ரோல் கார்களை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுத்தான் சுற்றினார்கள். நம் ஊர் அம்பாசிடர், ஃபியட் டிக்கிகளில் அந்த ஹேண்டில் வெகுகாலம் கிடந்தது. பேட்டரி இறங்கிய நாளில் ஆபத்பாந்தவன். பிடி தவறி எதிர்த்துச் சுழன்றால் மணிக்கட்டு போய்விடும்.

ஆகவே, 'செல்ஃப் எடுக்குது' என்பது புலம்பல் மட்டுமல்ல, பாதித் தகவல். சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை மின்சாரம் போகிறது, ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, என்ஜின் இறுகிப் போய்விடவில்லை. சந்தேகப் பட்டியலில் பாதியை வண்டியே அடித்துக் கொடுத்துவிட்டது. மிச்சம் பாதியைத்தான் தேட வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு. அந்த முதல் சத்தத்தைக் காதில் வாங்காமல், ஸ்பேர் கடைக்கு ஆள் அனுப்புகிறோம்.

ஒரு வண்டி நின்றால்

வேறு ஊரில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒருவருக்கு ஆபீஸ் லேட்டாகும். திருப்பூரில் அப்படியில்லை. இங்கே ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பல கம்பெனிகளுக்கு இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரோட்டில் இருக்கும் ஜாப் ஒர்க். இடையில் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவை டெம்போக்களும் மொபெட்டுகளும் பின்சீட்டைக் கழற்றிய ஆம்னி வேன்களும்.

அந்த ஆம்னியும் என் 800-ம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, அடுத்த ஆண்டே அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் என்ஜினோடு வேன் வந்தது. 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, ஆம்னி 2019-ல் நின்றது. ஆனால், இரண்டும் இன்னும் இந்த ஊர்ச் சந்துகளில் இருக்கின்றன. 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறிய பிறகும் பலர் விற்கவில்லை. ஸ்பேர் கிடைக்கிறது, வேலை தெரிந்த ஆள் இருக்கிறார் என்பது காரணம். அப்படி வேலை தெரிந்த ஒருவரிடம்தான் நானும் கடைசியில் போனேன்.

துணியைப் பார்த்து மெஷினைப் படிப்பவர்

அவருக்கு அறுபது வயதிருக்கும். சின்ன வயதில் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். பிறகு தகரக் கொட்டகை போட்டு கார் வேலைக்கு வந்துவிட்டவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் வண்டியைப் பார்த்ததும் பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை.

"இருங்க தம்பி. ஸ்பேனரெல்லாம் அப்பறம் எடுக்கலாம். ஒருக்கா செல்ஃப் போடுங்க, கேக்கறேன்."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"துணியில கோடு விழுந்தா ஃபிட்டர் மொதல்ல என்னத்தைப் பாப்பான் தெரியுங்களா? மெஷினையில்ல, துணியைப் பாப்பான். நீளவாக்குல கோடு ஓடுச்சுன்னா ஊசி. குறுக்குவாக்குல ஓடுச்சுன்னா நூலு, இல்லாட்டி ஃபீடரு. கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்காம மெஷினைப் பிரிச்சா அன்னிக்குப் பொழுது போச்சு."

வட்டப் பின்னல் மெஷினில் நூல் அறுந்தால் அதுவே நின்றுவிடும், எந்த இடத்தில் அறுந்தது என்று ஒரு விளக்கு காட்டிக்கொடுக்கும். கார்பரேட்டர் காலத்துக் காரில் அந்த விளக்கு இல்லை. ஆனால், கோடு இருக்கிறது. அது சத்தத்திலும் வாசனையிலும் இருக்கிறது.

செல்ஃப் சத்தம் மூன்று விதம். 'க்ரூ...க்... க்ரூ...க்...' என்று இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியோ, டெர்மினலில் பூத்த பச்சையோ, எர்த் ஒயரோ. பேட்டரியின் பலமெல்லாம் ஸ்டார்ட்டருக்கே போய்விட, பிளக்குக்குப் பொறி போதாமல் போகும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் எடுக்கும்போது 10-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டாவது, வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்ர்' என்று சுற்றுவது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கெட்ட சகுனம். டைமிங் பெல்ட் அறுந்தால் இப்படித்தான் கேட்கும். மூன்றாவது, என் வண்டியைப் போல, தாளம் மாறாமல் ஆரோக்கியமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருப்பது.

"சுத்தறது சரியாச் சுத்துது. அப்பப் பொறி, பெட்ரோல், நேரம். இந்த மூணுல ஒண்ணு வர்லீங்க" என்றார்.

எந்தப் பெட்ரோல் என்ஜினுக்கும் சங்கதி இவ்வளவுதான். சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல் வேண்டும். அதைப் பற்றவைக்கப் பொறி வேண்டும். வால்வு திறந்து மூடுவதும், கலவை அமுங்குவதும், பொறி விழுவதும் சொன்ன நேரத்துக்கு நடக்க வேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் அத்தனை சாமான்களும் இந்த மூன்றில் ஒன்றுக்கு வேலைக்காரர்கள்.

பொறி விசாரணை

முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருக்கும் ரோட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்து செல்ஃப் போட்டார். ரோட்டர் சுற்றியது. இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். ரோட்டர் சுற்றினால் பெல்ட் அறுந்துபோகவில்லை. பத்துப் பைசா செலவில்லாமல் பெரிய சந்தேகம் ஒன்று கழிந்தது. பெல்ட் பல் தாண்டியிருக்கலாமே என்று கேட்டேன். "இருக்கலாமுங்க. ஆனா அதைக் கடைசியாப் பாக்கோணும்" என்றார்.

மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழைக்காலத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இது முக்கியம். உள்ளே ஈரம் பூத்திருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் குறுக்கே கசிந்துவிடும். மயிரிழை போலக் கரிக்கோடு விழுந்திருந்தால் துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். அம்பாசிடர், ஃபியட், ஆரம்பகால 800 என்றால் கூடவே பாயிண்டையும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும். பாயிண்ட் கருகியிருந்தால் எமரி பேப்பரால் லேசாக ஒரு தேய்ப்பு, பிறகு இடைவெளி சரிபார்ப்பு.

அடுத்து, பிளக் ஒன்றைக் கழற்றினார். ஒயரில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் என்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து, செல்ஃப் போடச் சொன்னார். 'டிக் டிக்' என்று நீலப் பொறி. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ சோம்பலாக விழுந்தால் காயில் பக்கம் போக வேண்டும். விழவே இல்லையென்றால் காயிலுக்குச் சாவியிலிருந்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இந்தச் சோதனையில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் செய்யவே கூடாது.

ஒயர்கள் வரிசைப்படி இருக்கின்றனவா என்றும் விரல் வைத்து எண்ணினார். இந்த மூன்று சிலிண்டர் என்ஜினில் பொறி 1-3-2 என்ற வரிசையில் விழும். பிளக் மாற்றும்போது இரண்டு ஒயர் இடம் மாறிவிட்டால் எல்லாச் சாமானும் புதிதாக இருந்தும் வண்டி முரண்டு பிடிக்கும். என் வண்டியில் வரிசை சரியாகத்தான் இருந்தது.

மூக்குக்கு வேலை

கழற்றிய பிளக்கை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். காய்ந்திருந்தது. வாசனையே இல்லை.

"இத்தன நேரம் செல்ஃப் போட்டிருக்கீங்க. பெட்ரோல் வந்திருந்தா இது நனைஞ்சிருக்கோணும்."

பிளக் ஈரமாக, பெட்ரோல் நெடியோடு இருந்தால் அது வேறு வழக்கு. அளவுக்கு மீறிப் பெட்ரோல் இறங்கி என்ஜின் மூழ்கிவிட்டது என்று அர்த்தம். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் எடுத்தால் காற்று நிறையப் போய்ச் சிலிண்டர் காய்ந்துவிடும். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரைப் 'பம்ப்' அடிப்பவர்கள் செய்வதோ இதற்கு எதிரான வேலை. ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். எந்த வண்டியானாலும் ஒரு தடவை பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் போடக் கூடாது, அடுத்த தடவைக்கு அரை நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வியாதியோடு வந்த வண்டி பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று மூன்று வியாதியோடு திரும்பும்.

பிளக் காய்ந்திருந்ததால் விசாரணை டாங்க் பக்கம் திரும்பியது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று முள்ளை நம்பாமல் வண்டியைக் குலுக்கிக் கேட்டார். கார்பரேட்டருக்குள் போகும் ஓசைக் கழற்றி, ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் போடச் சொன்னார். துடித்துத் துடித்துப் பெட்ரோல் விழுந்தது. கேம்ஷாஃப்ட் தள்ள இயங்கும் டயாஃப்ரம் பம்ப் அது, உயிரோடுதான் இருந்தது.

கோடையாக இருந்திருந்தால் இந்த இடத்தில் இன்னொன்றையும் சந்தேகிக்கலாம். சித்திரை வெயிலில் பல்லடம் ரோட்டு நெரிசலில் ஊர்ந்த பழைய கார்பரேட்டர் வண்டியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் எடுக்காது. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெறும் காற்றை இழுக்கும். பழைய டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். அந்தத் துணி பெரும்பாலும் நம்ம ஊர்ச் சரக்கு. திருப்பூர் கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகின்றன. ஆயில் துடைக்க, கை துடைக்க, கசிவை அடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய புது விஷயமும் உண்டு. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்ட, 20 சதவிகித எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமாகிவிட்டது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் தண்ணீர் மிகுந்தால் அது எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இந்தக் கலவையை எதிர்பார்க்காமல் செய்யப்பட்ட ரப்பர் ஓஸ்களும் கேஸ்கெட்டுகளும் உப்பலாம், விரியலாம். எனவே, நிறுத்தி வைத்த பழைய கார் எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் டாங்கைக் கழுவித்தான் ஆக வேண்டும். என் பாட்டிலில் ஒரே அடுக்குதான்.

சாவியைத் திருப்பிக் காத்திரு

2000-த்தை ஒட்டி மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறியது. கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. அந்த வண்டிகளுக்கும் இதே மூன்று கேள்விதான், கேட்கும் இடம்தான் வேறு. சாவியை 'ஆன்' வரை திருப்பி நிறுத்தினால் டாங்க் பக்கமிருந்து இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு முணுமுணுப்பு கேட்க வேண்டும். அது மின்சார பம்ப். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பம்ப் விலை அதிகம், ஃபியூஸ் விலை டீக்காசு. பம்ப் பாடியும் எடுக்கவில்லையென்றால், என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் மீது சந்தேகம் வரும். சாவியை அடையாளம் பார்க்கும் பூட்டு வைத்த மாடல்களில் டேஷ்போர்டில் ஒரு விளக்கு விடாமல் மின்னினால், வண்டி சாவியையே அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பிரிக்கலாம்.

இன்னொரு வித்தை பழைய வண்டிகளுக்கு. செல்ஃப் போடும்போது எடுக்கிறது, சாவியை விட்ட கணத்தில் நின்றுவிடுகிறது என்றால் என்ஜினைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃப் போடும்போது காயிலுக்கு ஒரு வழியாகவும், ஓடும்போது இன்னொரு வழியாகவும் கரண்ட் போகும் வண்டிகள் உண்டு. இரண்டாவது வழியில் இருக்கும் ரெசிஸ்டரோ சாவி சுவிட்சோ போயிருக்கும்.

கோடு எங்கே முடிந்தது

பம்ப் பெட்ரோலைத் தருகிறது, பிளக் காய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்தது கார்பரேட்டர் ஒன்றுதான். உறுதி செய்ய அவர் ஒரு காரியம் செய்தார். (வீட்டில் யாரும் முயல வேண்டாம், நெருப்பு எதிர்த்து வரலாம்.) ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து கார்பரேட்டர் வாயில் விட்டு, பாட்டிலைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஈரச் சாக்கோடு தள்ளி நின்று செல்ஃப் போடச் சொன்னார். மூன்று மாதம் ஊமையாக இருந்த என்ஜின் சட்டென்று உறுமியது. இரண்டு விநாடி. ஊற்றிய பெட்ரோல் தீர்ந்ததும் அடங்கியது.

"பொறி சரி, நேரம் சரி. சோறு தொண்டையில நிக்குது" என்றார். வண்டி எடுக்காத அளவுக்கு பெல்ட் பல் தாண்டவில்லை என்பதும் அந்த இரண்டு விநாடியில் தீர்ந்தது.

கார்பரேட்டரின் மேல்மூடியைத் திறந்தார். பெட்ரோல் தேங்கி நிற்க வேண்டிய கிண்ணம் காய்ந்து, அடியில் தேன்நிறத்தில் ஒரு பிசின். நாள்பட்ட பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன மிச்சம். கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடுவதும் மறிப்பதும் பென்சில் முனை போன்ற ஒரு சின்ன ஊசி வால்வு. அதைக் கழற்றி, சுட்டுவிரல் நகத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் நீட்டினார். ஊசியின் முனையில் அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்டு, சுருண்ட வெள்ளைப் பஞ்சு இழை.

"இது எப்படிங்க உள்ள போச்சு?"

கேட்டுவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஞாபகம் வந்தது. ஆவணியில் பெட்ரோல் ஃபில்டரை நானேதான் மாற்றினேன். புது ஃபில்டர் மாட்டும்வரை சொட்டாமல் இருக்க, கார்பரேட்டருக்குப் போகும் ஓசின் வாயில் ஒரு பனியன் வேஸ்ட் துண்டைத் திருகி அடைத்து வைத்தேன். ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் ஓஸ், அதில் நுழைந்ததைத் தடுக்க வேறு சல்லடை எதுவும் இல்லை. அன்று வண்டி ஓடியது, ஷெட்டில் விட்டேன். இழை மெதுவாகப் போய் உட்கார்ந்திருக்கிறது, பிசின் வந்து சீல் வைத்திருக்கிறது.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "துடைக்கறதுக்கு வேஸ்ட்டு நல்லதுங்க. பெட்ரோல் போற வழியில மட்டும் அதைக் கொண்டுபோகப்படாது. நாங்க காத்தடிச்சுத்தான் சுத்தம் பண்ணுவோம்" என்றார். ஜெட்டுகளையும் வால்வையும் கார்பரேட்டர் கிளீனரில் கழுவி, கம்ப்ரஸர் காற்றில் ஊதி மாட்டினார். மூன்றாவது 'க்ருக்'கில் வண்டி பிடித்துக்கொண்டது.

கணக்கு முடித்துக் கிளம்பும்போது டிக்கியில் கிடந்த பழைய காயிலையும் மூன்று பிளக்குகளையும் காட்டி, எங்கே போடுவது என்று கேட்டேன். காயிலை வாங்கி வண்டியில் மாட்டினார், பழைய பிளக் ஒன்றை என்ஜினில் சாய்த்து வைத்து என்னைச் செல்ஃப் போடச் சொன்னார். பளிச்சென்று நீலப் பொறி. மறுபடி கழற்றி, கையிலிருந்த வேஸ்ட்டால் தூசியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நல்ல காயிலுங்க தம்பி. தூக்கிப் போட்றாதீங்க."